காரணம் சொல்லாத நடிகர்

‘டோனி மனேரோ’ படம் தொடங்கிச் சற்று நேரத்தில் அந்தக் காட்சி வந்துவிடும். 1978, சிலியின் தலைநகர் சாந்தியாகோ. தெருவில் ஒரு மூதாட்டியை மடக்கி, கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு பையன்கள் ஓடுகிறார்கள். அதைப் பார்த்த ராவுல் என்ற நடுத்தர வயது ஆள் ஓடிப்போய் அந்த அம்மாவைத் தூக்கிவிட்டு, வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுகிறான். அவரும் நன்றியோடு உள்ளே கூப்பிடுகிறார். வீட்டில் கலர் டிவி இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது பெரிய சொத்து. ராணுவ ஆட்சி நடத்திக்கொண்டிருந்த ஜெனரல் பினோசெட்டுக்கு நீலக் கண்கள், தெரியுமா என்று பேச்சுவாக்கில் சொல்கிறார். ராவுல் வெறுங்கையாலேயே அவரை அடித்துக் கொல்கிறான். அப்புறம் பூனைக்குச் சாப்பாடு வைக்கிறான். டிவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

இந்த இடத்தை நான் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதல் அடி விழுவதற்கு முன்னால் அந்த முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று தேடினேன். கொலைகாரன் வேடம் கட்டும் நடிகர்கள் ஏதாவது ஒரு முன்னறிவிப்பு தருவார்கள். கண் சுருங்கும், தாடை இறுகும், மூச்சு மாறும். குறைந்தபட்சம் பின்னணி இசையாவது காட்டிக்கொடுக்கும். இங்கே எதுவும் இல்லை. பூனைக்குத் தீனி வைக்கும்போது இருக்கிற அதே முகம்தான் அடிக்கும்போதும்.

நடித்தவர் அல்ஃப்ரெடோ காஸ்ட்ரோ. 1955 டிசம்பரில் சாந்தியாகோவில் பிறந்தவர். படம் வெளிவந்த 2008-இல் அவருக்கு வயது 52. கதையில் ராவுலுக்கும் அதே வயது. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது அந்தப் படத்தில்தான். அதற்கு முன்னால் முப்பது வருடம் மேடையில் கழித்திருந்தார். ஒரு மனிதன் ஏன் கொன்றான், ஏன் நேசித்தான், ஏன் காட்டிக்கொடுத்தான் என்ற கேள்விக்குத் தன் முகத்தால் பதில் சொல்ல மறுக்கும் பழக்கம் அவருக்கு அந்த மேடையில் படிந்தது என்பதுதான் என் கட்சி. அவருடைய சினிமாவை மட்டும் பார்ப்பவர்கள், ‘இறுக்கமான நடிப்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அதிபர் மாளிகை மீது குண்டு போட்டு ஆட்சியைப் பிடித்தபோது காஸ்ட்ரோவுக்குப் பதினேழு வயது. அந்த வாரமே ராணுவம் பிடித்துவைத்துக் கொன்றவர்களில் விக்தோர் ஹாராவும் ஒருவர். உலகம் அவரைப் பாடகராக நினைவு வைத்திருக்கிறது. சிலிக்காரர்களுக்கு அவர் முக்கியமான நாடக இயக்குநரும்கூட. சிலிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் படித்து, அங்கேயே பாடம் நடத்தியவர். அவரில்லாத அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் காஸ்ட்ரோ நாடகம் படித்தார். பல்கலைக்கழகங்கள் ராணுவ அதிகாரிகளின் கையில் இருந்தன. ஆசிரியர்கள் பலர் துரத்தப்பட்டிருந்தார்கள். இரவில் ஊரடங்கு. சாயங்கால நாடகம் போடும் கலைஞனுக்கு ஊரடங்கு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கடைசி வசனம் முடிந்து, பார்வையாளர்கள் பேருந்து பிடித்து வீடு போய்ச் சேரவும் நேரம் இருக்க வேண்டும்.

காஸ்ட்ரோ படிப்பை முடித்த 1977-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஹைமே வாதெல் என்ற நடிகரும் நண்பர்களும் சாந்தியாகோவில் ஒரு கூடாரம் அடித்து நாடகம் போட்டார்கள். கவிஞர் நிக்கனோர் பர்ராவின் வரிகளை வைத்துக் கட்டிய நையாண்டி அது. கூட்டம் வந்தது. முதலில் சுகாதாரக் காரணம் காட்டி நகராட்சி மூடச் சொன்னது. அப்புறம் ஒரு நாள், ஊரடங்கு நேரத்தில், கூடாரம் எரிந்து சாம்பலானது. தெருவில் ராணுவத்தைத் தவிர வேறு யாரும் நடமாட முடியாத நேரம். வாதெலின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருவார்.

இன்னொரு சம்பவம் 1985 மார்ச் மாதக் கடைசியில். ரொபெர்த்தோ பராதா என்ற முதுபெரும் நடிகர் இக்துஸ் குழுவின் நாடகமொன்றில் நடித்துக்கொண்டிருந்தார். கடத்தப்பட்ட அவருடைய மகன் ஹோசே மனுவேல், கழுத்தறுபட்ட நிலையில் பிணமாகக் கிடைத்த செய்தி நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. ராணுவ ஆட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவிய திருச்சபை அமைப்பில் வேலை பார்த்தவர் அந்த மகன். பராதா மேடைக்குத் திரும்பிப் போய் நாடகத்தை முடித்தார். அடுத்த வருடம் மாஸ்கோவில் இறந்துபோனார். அவருடைய மனைவி மரியா மலுவெந்தாவும் நடிகைதான். 1990-இல் ஜனநாயகம் திரும்பியதும் நாடாளுமன்றக் கீழவையின் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் அவர்.

இந்த இரண்டிலும் காஸ்ட்ரோ இல்லை. ஆனால் அவர் தொழில் கற்ற ஊர் இதுதான். இங்கே ஒரு நடிகன் மேடையில் அழுதால், அது வேடத்தின் அழுகையா சொந்த அழுகையா என்று பார்ப்பவர்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் உணர்ச்சியை அள்ளிக் கொட்டும் நடிப்பின் மீது ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அதில் ஆச்சரியமில்லை.

எண்பதுகளில் உதவித்தொகையில் லண்டன் போய்ப் படித்தார். பிறகு பிரான்ஸ். 1989-இல் சொந்தமாக ஒரு குழு தொடங்கினார். பெயர் ‘தேயத்ரோ லா மெமோரியா’, அதாவது நினைவு நாடகக் குழு. பினோசெட்டின் ஆட்சி தொடர வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ வென்று ஒரு வருடம் ஆகியிருந்தது. 1990 மார்ச்சில் ஆட்சி மாறியது. ஆனால் பினோசெட் ராணுவத் தளபதியாகவே நீடித்தார். பழையதைக் கிளறாதே, சமாதானமாகப் போ என்பது எல்லாப் பக்கமிருந்தும் வந்த அறிவுரை. அந்தச் சூழ்நிலையில் குழுவுக்கு இப்படி ஒரு பெயர் வைப்பது சும்மா இல்லை.

1990 முதல் 1993 வரை அந்தக் குழு மூன்று நாடகங்களை மேடையேற்றியது. ‘ஆதாமின் ஆப்பிள்’, ‘ரத்தத்தின் கதை’, ‘ஒற்றைக்கண் நாட்கள்’. மூன்றையும் சேர்த்துச் சிலியின் வாக்குமூல முத்தொகுப்பு என்கிறார்கள். நாடக ஆசிரியர் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதிய பிரதிகள் இல்லை இவை. உண்மை மனிதர்கள் பேசியதிலிருந்து எடுத்துக் கட்டியவை.

முதலாவதன் மூலம் ஒரு புகைப்படப் புத்தகம். பாஸ் எர்ராசுரிஸ் என்ற புகைப்படக்காரரும், க்ளவுடியா டொனோசோ என்ற பத்திரிகையாளரும் எண்பதுகளில் சாந்தியாகோவிலும் தல்கா நகரிலும் இருந்த பாலியல் விடுதிகளில், பெண்ணுடை அணிந்து தொழில் செய்தவர்களோடு வருடக்கணக்கில் பழகினார்கள். தல்காவில் இருந்த விடுதிக்கு ‘கூண்டு’ என்று பெயர். ஒருவர் படம் எடுக்க, மற்றவர் பேச்சைப் பதிவு செய்தார். போலீஸ் அடி, ஊரடங்கு, அம்மா பாசம், வாடிக்கையாளர்கள், கண்ணாடி முன்னால் அலங்காரம் என்று எல்லாம் கலந்து வரும் பேச்சு. அந்தப் பேச்சைத்தான் காஸ்ட்ரோ மேடைக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவதற்குக் கேட்கப்பட்டவர்கள் காதலின் பெயரால் கொலை செய்தவர்கள். சிறைகளிலும் மனநல மருத்துவமனையிலும் அவர்கள் சொன்னவற்றிலிருந்து உருவானது ‘ரத்தத்தின் கதை’. அதோடு பழைய குற்றக் கதைகளும் சேர்ந்தன. 1923-இல் சாந்தியாகோவில் பத்திரிகை விற்றுப் பிழைத்த ரோசா ஃபவுந்தெஸ் என்ற பெண், தன்னோடு வாழ்ந்த ஆணைக் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கி நகரத்தில் ஆங்காங்கே போட்டாள். சிலி மறக்காத வழக்கு அது. அவளும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரம். நடித்தவர்களில் அம்பாரோ நொகேரா, பவுலினா உருத்தியா இருவரும் உண்டு. அம்பாரோ பின்னாளில் காஸ்ட்ரோவோடு பல படங்களில் வருவார். பவுலினா கலாச்சார அமைச்சரே ஆனார்.

கொலை செய்த ஒருவர் தான் செய்ததைச் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? நீதிமன்றச் செய்திகளிலும் பழைய பேட்டிகளிலும் படித்தால்கூடத் தெரியும். முக்கியமான இடத்தில் அவர்கள் நின்று நாடகமாடுவதில்லை. கத்தி எடுத்ததும், அடுப்பை அணைத்ததும் ஒரே தொனியில் வரும். ஏன் செய்தாய் என்று கேட்டால் வானிலை பற்றியோ, அன்றைக்கு உடுத்தியிருந்த சட்டை பற்றியோ சொல்வார்கள். காரணத்தை எதிர்பார்ப்பது கேட்கிறவருடைய தேவை. சொல்பவரிடம் அது இருப்பதில்லை. பல வருடம் இப்படிப்பட்ட பேச்சோடு வேலை செய்த ஒருவர்தான் ராவுலாக வந்து நிற்கிறார். கிழவியை அடிப்பதும் பூனைக்குச் சோறு வைப்பதும் ஏன் ஒரே முகத்தோடு நடக்கின்றன என்பதற்கு என்னிடம் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இடையில் தொலைக்காட்சித் தொடர்களையும் சொல்ல வேண்டும். சிலியில் மேடை நடிகர்கள் எல்லாரும் அரசுத் தொலைக்காட்சியின் தொடர்களில் நடிப்பார்கள். வயிற்றுப்பாட்டுக்கு அதுதான் வழி. காஸ்ட்ரோவும் விசென்தே சபாத்தினி இயக்கிய தொடர்களில் நடித்து, வீடு வீடாகத் தெரிந்த முகமானார். அதில் எனக்குச் சொல்ல அதிகமில்லை. தினமும் இத்தனை காட்சி என்று ஓடும் படப்பிடிப்பில் வேகம் பழகியிருப்பார். அவ்வளவுதான்.

பாப்லோ லாரைன் 1976-இல் பிறந்தவர். காஸ்ட்ரோவைவிட இருபது வயது சின்னவர். அப்பா எர்னான் லாரைன் வலதுசாரிக் கட்சியின் பெரிய தலைவர், செனட்டராக இருந்தவர். அந்த வீட்டுப் பிள்ளை ராணுவ ஆட்சிக் காலத்தைப் பற்றி மூன்று படங்கள் எடுத்தார். மூன்றிலும் காஸ்ட்ரோ இருந்தார். முதலாவது ‘டோனி மனேரோ’. திரைக்கதையிலும் காஸ்ட்ரோவின் பெயர் இருக்கிறது.

ஜான் ட்ரவோல்டா நடித்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ 1977-இல் வந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. அதில் ட்ரவோல்டாவின் பெயர் டோனி மனேரோ. ராவுலுக்கு அந்தப் படம் பைத்தியம். தியேட்டருக்குப் போய், புரியாத ஆங்கில வசனங்களை உதட்டசைத்துச் சொல்லிப் பார்க்கிறான். டிவியில் டோனி மனேரோ மாதிரி தோற்றமளிப்பவர்களுக்குப் போட்டி. அதில் ஜெயிக்க வேண்டும். இவ்வளவுதான் அவன் வாழ்க்கை. போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய் நிற்கிறான். அன்றைக்கு சக் நோரிஸ் மாதிரி இருப்பவர்களுக்கான போட்டி. படத்தில் சிரிப்பு வரும் ஒரு சில இடங்களில் அது ஒன்று. அந்த நிகழ்ச்சியை உண்மையிலேயே அந்தக் காலத்தில் நடத்திய என்ரிக்கே மலுவெந்தாவே படத்திலும் நடத்துகிறார்.

கால்பந்தின் மேல் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி டிஸ்கோ உருண்டை செய்கிறான் ராவுல். அடியில் விளக்கு எரியும் கண்ணாடித் தளம் வேண்டும் என்பதற்காகக் கிழவியின் டிவி போகிறது. அவனுக்குப் பிடித்த படத்தைத் தூக்கிவிட்டு ‘க்ரீஸ்’ போட்டதற்காகப் படம் ஓட்டுபவரைக் கொல்கிறான். இவன் கொலை செய்துகொண்டு போவதை யாரும் தேடவில்லை. போலீஸ் தேடுவது துண்டுப் பிரசுரம் வைத்திருப்பவர்களை. ராவுலைப் பினோசெட்டின் உருவகம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் காஸ்ட்ரோ உருவகத்தை நடிக்கவில்லை என்பதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. வெள்ளைக் கோட்டுக்கு எத்தனை பொத்தான் என்பது அந்த ஆளுக்கு உயிர் போகிற விஷயம். அதை அவர் அப்படியே நம்பி நடிக்கிறார். ஆட்டமும் நன்றாக ஆடுவதில்லை. கால் சரியாகத்தான் போகிறது, உடம்பில் சந்தோஷம் இல்லை. கான் விழாவின் இயக்குநர்களின் இருவாரப் பிரிவில் திரையிடப்பட்டு, டுரின் விழாவில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டு விருதுகளும் வாங்கியது.

எனக்கு அதைவிடவும் பிடித்தது 2010-இல் வந்த ‘போஸ்ட் மார்ட்டம்’. இதில் அவர் மரியோ கொர்னேஹோ. சாந்தியாகோ பிணவறையில் குமாஸ்தா. மருத்துவர் உடலை அறுத்துச் சொல்லச் சொல்ல, இவர் தட்டச்சு செய்ய வேண்டும். நீண்ட நரைத்த முடி, தொளதொளத்த உடம்பு, பேச்சுக் குறைவு. எதிர்வீட்டில் இருக்கும் காபரே ஆட்டக்காரி நான்சி மீது ஆசை. நான்சியாக அந்தோனியா ஸெகேர்ஸ். ஒரு இரவு இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள். பொரித்த முட்டை, சோறு. நான்சி அழ ஆரம்பிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் மரியோவும் அழுகிறார். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சமாதானப்படுத்துவதும் இல்லை. வெளியே ஆட்சிக் கவிழ்ப்பு வரப்போகிறது என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

ராணுவம் வந்த பிறகு பிணங்கள் வண்டி வண்டியாக வருகின்றன. நடைபாதையிலும் படிக்கட்டிலும் குவிகின்றன. ஒரு இரவு மரியோவையும் மருத்துவரையும் ராணுவத்தினர் அழைத்துப் போகிறார்கள். மேஜையில் கிடப்பது, ராணுவம் கவிழ்த்த அதிபர் சல்வடோர் அயெண்டேயின் உடல். சுற்றிலும் அதிகாரிகள். மரியோ முன்னால் மின்சாரத் தட்டச்சு இயந்திரம். அவருக்குப் பழக்கம் கையால் அடிக்கும் பழைய இயந்திரம். விரல் பட்டால் எழுத்து ஓடுகிறது, திணறுகிறார். கடைசியில் ராணுவ ஆள் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார். சிலி வரலாற்றின் மிகப் பெரிய மரணத்தைப் பதிவு செய்யும் இடத்தில் இந்த ஆள் இருக்கிறார், அவருடைய கவலை முழுக்க இயந்திரத்தின் மேல். காஸ்ட்ரோ அந்தத் திணறலைப் பெரிதாக்குவதே இல்லை. புது அலுவலகத்தில் கணினியைப் பார்த்து முழிக்கும் மூத்த ஊழியர் முகத்தில் வரும் அந்தச் சங்கடம் மட்டும் வருகிறது. மரியோ கொர்னேஹோ என்ற பெயர், அயெண்டேயின் உண்மையான பிரேதப் பரிசோதனை ஆவணத்திலேயே இருந்த பெயர்.

படத்தின் கடைசிக் காட்சியை முழுவதும் சொல்ல மாட்டேன். கேமரா அசையாமல் நிற்க, மரியோ ஒரு கதவுக்கு முன்னால் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அடுக்குகிறார். நாற்காலி, அலமாரி, எது கைக்கு வருகிறதோ அது. நிமிடக்கணக்கில் அது மட்டும். கோபமே இல்லாமல் ஒருவர் இவ்வளவு கொடூரமான காரியத்தைச் செய்ய முடியும் என்று நம்பவைப்பதற்கு முதுகு மட்டும் போதும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது படம் ‘நோ’. 1988 வாக்கெடுப்புப் பிரச்சாரத்தைப் பற்றியது, 2012-இல் வந்தது. சிலிக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரையை வாங்கித் தந்த படம். கதாநாயகன் கெயில் கார்சியா பெர்னல், ‘வேண்டாம்’ அணிக்கு விளம்பரம் செய்பவர். காஸ்ட்ரோ அவருடைய முதலாளி லூச்சோ. அவர் வேலை செய்வது அரசுத் தரப்புக்கு. இருவரும் ஒரே அலுவலகத்தில் குளிர்பான விளம்பரமும் செய்வார்கள், ஒருவரை ஒருவர் மிரட்டவும் செய்வார்கள். லூச்சோ மிரட்டுவது சம்பள உயர்வு பற்றிப் பேசுகிற தொனியில். ஜெயித்த பக்கத்துக்கு எவ்வளவு சுலபமாக நகர்ந்துவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். ராணுவ ஆட்சி முடிந்த பிறகும் அதே ஆட்கள் அதே நாற்காலியில் இருந்ததை இந்தச் சின்ன வேடம் சொல்லிவிடுகிறது.

2015 அவருக்கு நல்ல வருடம். லாரைனின் ‘எல் க்ளூப்’ பெர்லினில் நடுவர் குழுவின் பெரும் பரிசை வாங்கியது. குற்றம் செய்த பாதிரியார்களைத் திருச்சபை ஒரு கடலோரச் சிற்றூரில் ஒளித்து வைத்திருக்கிறது. காஸ்ட்ரோ அவர்களில் ஒருவர், பாதிரியார் விதால். பந்தய நாய் வளர்ப்பவர். கடற்கரையில் ஒரு குச்சியைச் சுற்றிச் சுற்றி நாயை ஓடவிட்டுப் பழக்குகிறார். விசாரிக்க வரும் பாதிரியாரிடம் அவர் பேசும் இடங்களில் குற்ற உணர்ச்சியைத் தேடினால் கிடைக்காது. தன்னைப் புரிந்துகொள்ளும் தகுதி எதிரில் இருப்பவருக்கு இல்லை என்கிற ஒரு வகைத் திமிர்தான் இருக்கும். வாதெலும் இந்த வீட்டில் இன்னொரு பாதிரியாராக இருக்கிறார்.

அதே ஆண்டு, வெனிசுவேலா இயக்குநர் லொரென்சோ விகாஸின் ‘தெஸ்தே அயா’ வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. லத்தீன் அமெரிக்கப் படமொன்று அந்த விருதைப் பெற்றது அதுதான் முதல்முறை. கராகஸ் நகரத்தில் பல் செட் செய்யும் அர்மாந்தோவாக நடித்தார். தெருப் பையன்களுக்குப் பணம் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போவான், தொட மாட்டான், தூரத்திலிருந்து பார்ப்பான். உண்மையைச் சொன்னால், இந்தப் படத்தின் மீது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. காஸ்ட்ரோவின் மௌனத்தை இயக்குநர் தயார்ப் பொருளாக எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது. மரியோவின் மௌனத்துக்குப் பின்னால் ஒரு தெரு, ஒரு அலுவலகம், ஒரு சமையலறை இருந்தது. அர்மாந்தோவின் மௌனம் புதிர் போடுவதற்காக வைத்தது மாதிரி இருக்கிறது. விருது கொடுத்தவர்களுக்கு அது பிடித்திருக்கிறது, சரி.

இந்தக் காலத்தில் அவருக்கு ஒரே வகை வேடங்கள் வந்து குவிந்தன. பேசாதவன், ஒளிப்பவன், வேவு பார்ப்பவன். 2018-இல் வந்த அர்ஜென்டீனப் படம் ‘ரோஹோ’வில் சிலியிலிருந்து வரும் துப்பறிவாளர் சின்க்ளேர் வேடத்தில், அந்தச் சிறையிலிருந்து கொஞ்சம் வெளியே வந்து, வாய் ஓயாமல் பேசினார். ஆனால் முழுதாகத் தாண்டியது 2020-இல். ‘தெங்கோ மியெதோ தொரேரோ’. எழுத்தாளர் பெத்ரோ லெமெபெலின் நாவலைப் படமாக்கியவர் ரொத்ரிகோ செபுல்வேதா.

1986. வயதாகிக்கொண்டிருக்கும், பெண்ணாகத் தன்னை உணரும் ஒருத்தி. தெருவில் எல்லாரும் அவளை எதிர்வீட்டுப் பைத்தியக்காரி என்கிற மாதிரி ஒரு பெயரால் கூப்பிடுகிறார்கள். ராணுவ அதிகாரிகளின் மனைவிமாருக்கு மேஜைவிரிப்பில் பூவேலை செய்து பிழைக்கிறாள். கார்லோஸ் என்ற இளைஞன் வந்து, புத்தகம் என்று சொல்லிச் சில பெட்டிகளை அவள் வீட்டில் வைக்கிறான். அவனும் தோழர்களும் பினோசெட்டைக் கொல்லத் திட்டம் போடுகிறவர்கள். அந்த வருடம் செப்டம்பர் 7 அன்று மைப்போ பள்ளத்தாக்கில் பினோசெட்டின் கார் வரிசை மீது உண்மையிலேயே தாக்குதல் நடந்தது. மெய்க்காவலர்கள் ஐந்து பேர் இறந்தார்கள், அவர் தப்பித்தார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தால்தான் அவன் திரும்பத் திரும்ப வருவான்.

இத்தனை வருடம் ஒளித்துவைத்த முகத்தை இதில் காஸ்ட்ரோ திறந்துவிடுகிறார். கொஞ்சுகிறார், சிணுங்குகிறார், பழைய பாட்டுக்கு ஆடுகிறார், கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நக்கலடிக்கிறார். ஆனாலும் பரிதாபம் கேட்பதில்லை. இன்றைக்கு இந்த வேடத்தைத் திருநங்கை நடிகர் ஒருவருக்கே கொடுத்திருக்கலாமே என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். எனக்கு மனதில் வந்தது வேறொன்று. ‘கூண்டு’ விடுதிக்காரர்களின் பேச்சை அவர் மேடையேற்றி முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்த ஆட்களின் குறும்பும் கசப்பும் கலந்த தொனியை அத்தனை காலம் கழித்துத் தன் வாயாலேயே பேசுகிறார்.

தெற்கு முனையில் நடக்கும் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தியெர்ரா டெல் ஃபுவேகோ தீவில் ஆட்டுப் பண்ணை வைக்க வந்தவர்கள், அங்கே வாழ்ந்த செல்க்னாம் மக்களைக் கூலிக்கு ஆள் வைத்து வேட்டையாடினார்கள். ‘ப்ளாங்கோ என் ப்ளாங்கோ’ படத்தில் காஸ்ட்ரோ, பண்ணை முதலாளியின் திருமணத்தைப் படம் எடுக்கப் போகும் புகைப்படக்காரர் பெத்ரோ. முதலாளி கடைசிவரை கண்ணில் படுவதில்லை. பெத்ரோ அங்கேயே மாட்டிக்கொண்டு, வேட்டைக்காரர்களோடு சேர்ந்து, கடைசியில் கொல்லப்பட்டவர்களைச் சுற்றி நிற்கும் ஆட்களை, கொஞ்சம் இப்படித் திரும்பு, கொஞ்சம் அங்கே நில் என்று ஒழுங்குபடுத்தி, வெளிச்சம் பார்த்துப் படம் எடுக்கிறார். நல்ல படம் வர வேண்டும் என்ற அக்கறை தவிர வேறெதுவும் அந்த முகத்தில் இல்லை.

2023-இல் கான் விழாவுக்குப் போன ‘லோஸ் கொலோனோஸ்’ படத்தில் அதே காஸ்ட்ரோ முதலாளியாக வருகிறார். ஹோசே மெனெண்டெஸ் என்ற உண்மை மனிதர், அந்தப் பகுதியின் பெரும் பண்ணைக்காரர். கையில் ரத்தம் படாத மனிதர். ஆடுகளுக்கு அட்லாண்டிக் வரை வழி வேண்டும் என்று ஆளனுப்புவார், அவ்வளவே. வருடங்கள் கழித்து அரசாங்கப் பிரதிநிதி விசாரிக்க வரும்போது அவருடைய வரவேற்பறையில் பியானோ, குடும்பம், மரியாதை எல்லாம் இருக்கும். செல்க்னாம் இனத்தைச் சிலி தன் பூர்வகுடிகளில் ஒன்றாகச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது அந்த 2023-இல்தான்.

அதே வருடம், ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து ஐம்பது ஆண்டு நிறையும் மாதத்தில், லாரைனின் ‘எல் கோந்தே’ நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. பினோசெட் இருநூற்றைம்பது வயது ரத்தக் காட்டேரி. வாழ்ந்தது போதும், சாக வேண்டும் என்கிறார். நடித்தவர் ஹைமே வாதெல். 1977-இல் யாருடைய ஆட்சியில் அவருடைய கூடாரம் எரிந்ததோ, அந்த ஆளின் கோட்டை மாட்டிக்கொண்டு எண்பது வயதைத் தாண்டிய நடிகர் முனகுகிறார், புலம்புகிறார், அலுத்துக்கொள்கிறார். இதைவிட நல்ல பழிவாங்கல் எனக்குத் தெரிந்து கிடையாது. காஸ்ட்ரோ அவருடைய வேலைக்காரன் ஃபியோதோர். ரஷ்யாவிலிருந்து ஓடி வந்தவன், ராணுவ ஆட்சிக் காலத்தில் சித்திரவதைக்காரனாக இருந்தவன், எஜமானியின் மேல் ஆசை வேறு. செய்த கொடுமைகளைத் தன் தொழில் அனுபவமாகப் பெருமையோடு சொல்வான். படம் மொத்தமாக எனக்கு அத்தனை பிடிக்கவில்லை, பாதியில் தொய்ந்துவிடுகிறது. ஆனால் இந்த இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் வரும் இடங்களை வசன ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்த்தால்கூடப் போதும்.

2024-இல் ஸ்பெயினில் ‘போல்வோ செரான்’. குணமாகாத நோய் வந்த மனைவி சுவிட்சர்லாந்து போய் முறைப்படி உயிரை விட முடிவெடுக்கிறாள், கணவனும் கூடவே போக நினைக்கிறான். மனைவியாக ஆங்கெலா மொலினா. இத்தனைக்கும் இது பாட்டும் நடனமும் உள்ள படம். டொரண்டோவில் பரிசு வாங்கியது. எழுபதை நெருங்கும் வயதில் காஸ்ட்ரோ இன்னும் புது வேலை தேடிப் போகிறார் என்பதற்கு இது ஒன்று போதும்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: ‘டோனி மனேரோ’வில் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் மூடிவிடுவீர்கள். முதலில் ‘நோ’. கதை விறுவிறுவென்று போகும், சிலி அரசியலும் பிடிபடும். அடுத்து ‘தெங்கோ மியெதோ தொரேரோ’. அந்த முகத்தை உங்களுக்குப் பிடித்துப்போகும். அதற்குப் பிறகு ‘போஸ்ட் மார்ட்டம்’ பார்த்தால், அதே முகம் என்ன செய்யாமல் இருக்கிறது என்று தெரியும். ‘எல் க்ளூப்’ பார்க்கிற அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அதன் கடைசி அரை மணி நேரத்தைத் தவிர்த்துவிடலாம்.